சாலிட்டேரில் ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்?

ஜூன் 2, இரவு 9.15 (கேள்வி)

கட்டை மூன்று மூன்றாகத் திருப்பும் சாலிட்டேர் சீட்டாட்டம் ஆடுகிறேன், இரண்டு மாதமாகத் தினமும். பத்து ஆட்டத்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம். வைக்க இடம் இருந்தால் வைக்கிறேன், மேலே ஏற்ற முடிந்தால் ஏற்றுகிறேன், வேறு என்ன செய்வது? இது முழுக்க அதிர்ஷ்டம், ஆடுகிறவனுக்கு இதில் வேலையே இல்லை என்பது என் முடிவு. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.40 (பதில்)

இல்லை. "வைக்க இடம் இருந்தால் வைக்கிறேன்" என்கிறீர்களே, நீங்கள் தோற்பது அங்கேதான். இந்த ஆட்டத்தில் இடம் இருக்கிறது என்பது ஒரு சீட்டை நகர்த்தக் காரணமே கிடையாது. நகர்த்தினால் கவிழ்ந்து கிடக்கும் ஒரு சீட்டு திறக்குமா? திறக்காது என்றால் கையை மடக்கிக்கொண்டு உட்காருங்கள். நானும் பல வருடம் உங்களைப் போலத்தான் ஆடினேன், கிடைத்ததையெல்லாம் இழுத்துப் போட்டேன். இப்போது மூன்றில் ஒன்று ஜெயிக்கிறேன்.

ஜூன் 3, காலை 7.05

ஆட்டமே தெரியாத ஒருவர் விதிகளைக் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டு. இடமிருந்து வலமாக ஏழு வரிசை: முதலில் ஒரு சீட்டு, அடுத்ததில் இரண்டு, இப்படியே ஏழாவதில் ஏழு. மொத்தம் 28. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் திறந்திருக்கும், ஆக 21 சீட்டு கவிழ்ந்து கிடக்கும். மீதி 24 கையில் இருக்கும் கட்டு. வரிசைகளில் பெரியதிலிருந்து சிறியதாக, நிறம் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும்: சிவப்பு 9-இன் மேல் கறுப்பு 8, அதன் மேல் சிவப்பு 7. திறந்த சீட்டுகள் இப்படி ஒழுங்காக இருந்தால் கூட்டமாகவும் நகர்த்தலாம். மேலே நான்கு குவியல், ஸ்பேட், ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஏஸில் தொடங்கி ராஜா வரை ஏற வேண்டும். காலியான வரிசையில் ராஜா மட்டும்தான் உட்காரலாம். கைக்கட்டை மூன்று மூன்றாகத் திருப்பி, மேலே தெரிவதை மட்டும் எடுக்கலாம். கட்டு தீர்ந்தால் அப்படியே கவிழ்த்து மறுபடி ஆரம்பம், கலைக்கக் கூடாது.

கலைக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கலைப்பார், ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயிப்பார்.

ஜூன் 3, காலை 7.20

அவர் என் மாமனார். இதை அவர் படிக்க மாட்டார்.

ஜூன் 3, இரவு 11.00

கேள்வி கேட்டவர் உதாரணம் கேட்கிறார். இன்று மாலை ஆடியதையே சொல்கிறேன். இரண்டாவது வரிசையில் டைமண்ட் 10 திறந்திருந்தது. அதன் மேல் வைக்க இரண்டு கறுப்பு 9: நான்காவது வரிசையில் ஸ்பேட் 9, அடியில் மூன்று கவிழ்ந்த சீட்டு, ஏழாவதில் கிளாவர் 9, அடியில் ஆறு. இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும். நான் ஏழாவதை எடுத்தேன். அடியில் ஆர்ட்டின் 8. அது நேராக நான்காவது வரிசையின் ஸ்பேட் 9 மேல் போய் உட்கார்ந்தது. அடுத்துத் திரும்பியது கிளாவர் ஏஸ், அது மேலே. அப்புறம் இன்னொன்று திறந்தது. ஒரு 9-ஐ நகர்த்தியதில் மூன்று சீட்டு வெளியே. ஸ்பேட் 9-ஐ எடுத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று சத்தியம் செய்ய முடியாது, அடியில் என்ன இருந்தது என்று எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் ஆறு சீட்டுப் புதைந்திருக்கும் இடத்தை முதலில் தோண்டுவதுதான் முறை. ஆறாவது, ஏழாவது வரிசைகள் கடைசி வரை மூடியே கிடந்துதான் பெரும்பாலான ஆட்டம் செத்துப்போகிறது.

மேலே ஏற்றும் விஷயம். ஏஸும் இரண்டும் உடனே ஏறட்டும், அவற்றால் கீழே உபயோகம் இல்லை. மூன்றுக்கு மேல் யோசியுங்கள். ஆர்ட்டின் 6, டைமண்ட் 6 இரண்டையும் ஆசையாக மேலே ஏற்றிவிட்டால் கறுப்பு 5 இரண்டும் வரிசைகளில் எங்கே நிற்கும்? அது ஏதாவது ஒரு முக்கியமான சீட்டின் தலையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கும். நான்கு குவியலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஏறினால் பிழைத்தீர்கள்.

ஜூன் 5, மதியம் 2.30

"மூன்று மூன்றாகத் திருப்பினால் எனக்கு வேண்டிய சீட்டு நடுவிலேயே மாட்டிக்கொள்கிறது" என்று புலம்பல் வந்திருக்கிறது. இதில்தான் கணக்கு இருக்கிறது, எனக்கும் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

கட்டில் 24. எதையும் எடுக்காமல் திருப்பினால் மேலே வருபவை 3, 6, 9, 12, 15, 18, 21, 24-ஆவது சீட்டுகள். எத்தனை சுற்றுப் போனாலும் அதே எட்டுதான். இப்போது 3-ஆவதை எடுத்து எங்கோ வைத்துவிட்டீர்கள். அடுத்த சுற்றில் மேலே வருவது 4, 7, 10, 13, 16, 19, 22, கடைசியில் 24. ஒரே ஒரு சீட்டை எடுத்ததற்கு வரிசை முழுக்க மாறிவிட்டது. அதே நேரம் 24-ஆவதை எடுத்தால்? முன்னால் உள்ள எதுவும் அசையாது.

ஆகவே முதல் சுற்றில் எதையும் தொடாதீர்கள், வெறுமனே பார்த்துக்கொண்டே போங்கள். கணினியில் மூன்று சீட்டும் விசிறி மாதிரி விரிந்து தெரியும், எங்கே எது இருக்கிறது என்று பிடிபட்டுவிடும். அப்புறம் பின்னாலிருந்து எடுங்கள், முன்னால் இருப்பதை விட்டுவிடுங்கள்.

ஜூன் 6, காலை 6.50

நேற்று கடைசி வரியை வேகத்தில் எழுதிவிட்டேன். முன்னால் இருப்பதைத் தொடவே கூடாது என்றில்லை. நடுவில் மாட்டிய சீட்டை மேலே கொண்டுவர வேண்டுமென்றால் முன்னாலிருந்து ஒன்றை எடுத்துத்தான் ஆக வேண்டும், அந்த இடமாற்றம்தான் நமக்குச் சாவி. முன்னாலிருந்து மூன்று எடுத்துவிட்டால் பின்னால் உள்ளவை பழைய நிலைக்கே வந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்து எடுப்பது வேறு, வந்ததே என்று எடுப்பது வேறு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜூன் 6, இரவு 10.10

ராஜாவை மறந்துவிட்டேன். ஒரு வரிசையை அடித்துப்பிடித்துக் காலி செய்துவிட்டு, வைக்க ராஜா இல்லாமல் முழிப்பது எல்லோருக்கும் நடக்கும். காலி இடம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ராஜா வராத வரை அது பூட்டிய அறை. வைக்க இரண்டு ராஜா இருந்தால், எந்த ராணி கவிழ்ந்த சீட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று பாருங்கள். சிவப்பு ராணி என்றால் கறுப்பு ராஜா போகட்டும். கூடவே அந்த ராணியின் மேல் வர வேண்டிய கறுப்பு ஜாக்கி எங்கே என்றும் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

ஜூன் 8, இரவு 9.30

"இதையெல்லாம் எங்கே கற்றீர்கள்?" எங்கேயும் இல்லை. 1998-இல் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். முதல் மூன்று நாள் பாடமே நடக்கவில்லை. "மவுஸ் கை பழகட்டும், சாலிட்டேர் ஆடுங்க" என்று சொல்லிவிட்டு சார் டீ குடிக்கப் போய்விடுவார். காசு கட்டியது சீட்டாடவா என்று எனக்கு ஆத்திரம். பிறகுதான் தெரிந்தது, அவர் செய்தது சரிதான்: விண்டோஸில் இந்த ஆட்டத்தைச் சேர்த்ததே மக்கள் மவுஸால் பிடித்து இழுத்துவிடப் பழக வேண்டும் என்றுதான் என்பார்கள். 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இல் இது இருந்தது. எழுதியவர் வெஸ் செர்ரி, மைக்ரோசாஃப்ட்டில் 1988-இல் பயிற்சிக்கு வந்த மாணவர். சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர், மேக்கின்டாஷ் கணினியின் ஐகான்களை வரைந்த அதே கை. அத்தனை கோடிக் கணினிகளில் ஓடிய ஆட்டத்துக்கு செர்ரிக்கு ராயல்டி ஒரு பைசா கிடையாது. மேலதிகாரி வந்தால் ஒரு பொத்தானைத் தட்டி ஆட்டத்தை மறைக்கும் வசதியும் வைத்திருந்தாராம், கம்பெனி அதை எடுக்கச் சொல்லிவிட்டது. எடுக்காமல் விட்டிருந்தால் எத்தனை பேர் வேலை பிழைத்திருக்கும்.

சீட்டின் முதுகில் பனைமரத் தீவு இருக்குமே, அதில் சூரியன் அவ்வப்போது நாக்கை நீட்டும். நான் அதைப் பார்க்க ஒரு மாதம் ஆயிற்று. பக்கத்து சிஸ்டத்துப் பையனிடம் சொன்னேன், நம்பவில்லை. இருவரும் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தபோது அது நீட்டவே இல்லை.

ஜூன் 9, காலை 8.00

க்ளாண்டைக் என்ற பெயர் எதற்கு என்று ஒருவர். நாம் பேசும் இந்த ஏழு வரிசை ஆட்டத்தின் சரியான பெயர் அதுதான், சாலிட்டேர் என்பது தனியாக ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் பொது. கனடாவின் யூகான் பகுதியில் க்ளாண்டைக் என்று ஓர் இடம், 1896-இல் தங்கம் கிடைத்து உலகமே அங்கே ஓடியது. பிரிட்டிஷ்காரர்கள் தனியாட்டங்களை பேஷன்ஸ் என்பார்கள், அதாவது பொறுமை. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், ஆனால் என்னிடம் இல்லாத குணம்.

ஜூன் 9, காலை 8.25

வேகஸ் முறைப் புள்ளி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கட்டுக்கு 52 டாலர் கொடுத்து வாங்கியதாகக் கணக்கு, மேலே ஏறும் ஒவ்வொரு சீட்டுக்கும் 5 டாலர் திரும்ப வரும். 11 சீட்டு ஏறினால் 55, மூன்று டாலர் லாபம். மூன்று மூன்றாகத் திருப்பினால் மூன்றே சுற்று. இதில் ஜெயிப்பதே நோக்கம் இல்லை, காசுதான் நோக்கம். அதனால் நான் மேலே சொன்ன "அவசரப்பட்டு ஏற்றாதீர்கள்" இங்கே அவ்வளவாகச் செல்லாது.

ஜூன் 12, இரவு 11.45

வெறுத்துப்போனவர்கள் ஃப்ரீசெல் என்ற இன்னொரு தனியாட்டம் ஆடிப் பாருங்கள். 52 சீட்டும் ஆரம்பத்திலேயே திறந்திருக்கும், ஒளிவுமறைவே இல்லை. சீட்டை ஒதுக்கிவைக்க நான்கு காலி அறை, எட்டு வரிசை. தோற்றால் தப்பு நம்முடையது, ஏனென்றால் எல்லா ஆட்டமும் ஜெயிக்கக்கூடியதுதான்.

ஜூன் 13, காலை 7.15

எல்லாம் இல்லை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. விண்டோஸில் வந்த பழைய ஃப்ரீசெல்லில் 32,000 ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 1990-களில் இணையத்தில் பலர் பங்குபோட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஆடித் தீர்த்தார்கள். மிஞ்சியது ஒன்றே ஒன்று: எண் 11982. மனிதராலும் முடியவில்லை, பிறகு கணினி நிரல்களாலும் முடியவில்லை. 31,999 முடியும், ஒன்று முடியாது, இதற்குப் போய் "எல்லாம்" என்று எழுதினால் திருத்தத்தான் செய்வீர்கள்.

நான் 11982-ஐ ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆடியிருக்கிறேன். தெரிந்தே.

ஜூன் 16, இரவு 10.20

"மூன்றில் ஒன்று ஜெயிக்கிறேன் என்றீர்களே, ஆதாரம்?" என்று கேள்வி கேட்டவர் கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறார். நியாயம்தான். பத்து நாளாக நோட்டுப் போட்டுக் காகிதச் சீட்டில் ஆடிவருகிறேன், கணினியில் ஆடினால் பின்வாங்கும் பொத்தானில் கை போய்விடுகிறது. இதுவரை 26 ஆட்டம், 7 வெற்றி. நான்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். மூன்றில் ஒன்று என்று எப்படி நம்பிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தால், பாதியில் சலித்துக் கலைத்த ஆட்டங்களை நான் ஆட்டமாகவே எண்ணியதில்லை. மரியாதையாக வாபஸ் வாங்குகிறேன்.

காகிதத்தில் ஆடுவது எனக்குப் புதிதில்லை. 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மாலை முழுக்க எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் தரையில் பரப்பி ஆடுவேன். அம்மாவுக்குச் சீட்டு என்றாலே ஆகாது, சீட்டாடிய குடும்பம் உருப்பட்டதில்லை என்பது அவர் கட்சி. ஒருநாள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு "யாரோடடா ஆடுற?" என்றார். தனியாத்தான் என்றேன். காசு வைத்து நாலு பேரோடு ஆடியிருந்தால்கூட அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார், முகம் அப்படி மாறிப்போனது. இன்னொரு நாள் கடைசி வரிசை திறந்துவிட்டது, இனி ஏற்றுவதுதான் பாக்கி, கரண்ட் வந்தது. ஃபேனை அணைக்காமல் விட்டிருந்தேன், அதுவும் ஐந்தில். 52 சீட்டும் கட்டிலுக்கடியில்.

ஜூன் 17, இரவு 9.50

அதிர்ஷ்டமா இல்லையா என்ற மூலக் கேள்விக்கு எண்ணில் பதில் இருக்கிறது. கவிழ்ந்த சீட்டெல்லாம் என்னவென்று முன்கூட்டியே தெரிந்தால், மூன்று மூன்றாகத் திருப்பும் க்ளாண்டைக்கில் நூற்றுக்குச் சுமார் 82 ஆட்டத்தை முடிக்க வழி உண்டு. சார்லி ப்ளேக், இயன் ஜென்ட் என்ற இருவர் கணினி வைத்துக் கண்டது. ஆக 18 ஆட்டம் சீட்டுப் போடும்போதே தோற்றது. அதில் நம் கேள்வியாளர் சொல்வது சரி. ஆனால் மீதியில் அவர் பத்து எடுக்கிறார், நான் 27.

சீட்டெல்லாம் தெரிந்தாலும் லேசில்லை. 2004-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில், கணிதத்தில் பெரிய கை ஒருவர் அப்படித் திறந்துவைத்துக்கொண்டே 2,000 ஆட்டம் ஆடி 36.6 சதவீதம்தான் ஜெயித்தார் என்று இருக்கிறது. கட்டுரையாளர்கள் எழுதிய நிரல் சுமார் 70 சதவீதம். பாதி வெற்றி மனிதக் கண்ணுக்கு எதிரிலேயே இருந்து தப்பிப்போகிறது.

நோட்டுப் போட்டு எண்ணுவதும் சும்மா விஷயம் இல்லை. ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணிதவியலாளர் 1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டு படுத்திருந்தபோது கேன்ஃபீல்ட் என்ற இன்னொரு தனியாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், சிக்கலோ சிக்கல். நூறு முறை ஆடி எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. அணு ஆராய்ச்சிக் கணக்குகளுக்கும் இதையே செய்யலாமே என்று இன்னொரு கணிதவியலாளர் வான் நாய்மனிடம் சொல்ல, பலமுறை செய்து பார்த்து வாய்ப்பை எண்ணும் மாண்டி கார்லோ முறை பிறந்தது. நான் நோட்டுடன் உட்கார்ந்தால் என் மனைவிக்கு அது வேலை செய்யாமல் இருக்கும் முறையாகத்தான் தெரிகிறது.

ஜூன் 21, இரவு 11.10

நாற்பது ஆட்டம் முடிந்தது. வெற்றி இன்னும் அதே 7. கடைசிப் பதினான்கில் ஒன்றுகூட இல்லை. கேள்வி கேட்டவர் சிரிக்கலாம், உரிமை உண்டு. ஒழுங்காகத்தான் ஆடுகிறேன், முதல் சுற்றில் எதையும் தொடுவதில்லை, இருந்தும் கடைசித் திருப்பில் இரண்டு சீட்டுதான் கையில் நிற்கிறது, எங்கேயோ எண்ணாமல் ஒன்றை எடுத்துவிடுகிறேன் போல. கிளாவர் வேறு 3-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது, 4 ஒவ்வொரு தடவையும் எங்கோ அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வயசாகிவிட்டது.

ஜூன் 22, காலை 6.30

காலையில் கேள்வி கேட்டவரின் ஒற்றை வரிப் பதில்: "24-ஐ மூன்றால் வகுத்தால் மீதி வராதே, சீட்டை எண்ணினீர்களா?"

எண்ணினேன். 51.

ஜூன் 22, இரவு 8.40

கிளாவர் 4 கிடைத்தது. மகளின் அறிவியல் புத்தகத்தில், ஒளிச்சேர்க்கைப் பாடத்தில், அடையாளத்துக்கு. எப்போதிலிருந்து என்று கேட்டேன், "பரீட்சை டைம்டேபிள் வந்த அன்னைக்கு" என்றாள். நோட்டைப் பார்த்தால் ஆட்டம் 27. அந்தப் பதினான்கையும் அடித்துவிட்டேன், 26-க்கு 7 நிற்கிறது. பாடம் முடியும் வரை சீட்டைத் தர மாட்டாளாம். ஒரு ஜோக்கரை எடுத்து பால்பாயின்ட் பேனாவில் பெரிதாக 4 என்று எழுதி, பக்கத்தில் கிளாவர் வரைந்திருக்கிறேன். பார்க்க ஸ்பேட் மாதிரிதான் இருக்கிறது.